காம்பியாவின் மக்கள்தொகை ஏன் இவ்வளவு வேகமாக வளர்ந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு ஆப்பிரிக்காவில், செனெகல் நாட்டின் வயிற்றுக்குள் ஓர் ஆற்றின் இரு கரையையும் ஒட்டி ஒடுங்கி நீண்டு கிடக்கிறது காம்பியா. ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் இதைவிடச் சிறிய நாடு இல்லை. மொத்தப் பரப்பு சுமார் 11 ஆயிரம் சதுர கிலோமீட்டர், அகலம் பெரும்பாலான இடங்களில் 50 கிலோமீட்டருக்கும் குறைவு. "ஆப்பிரிக்காவில் மக்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். அதன் உள்விவரத்தைத் தெரிந்துகொள்ள இந்த ஒரு சின்ன நாட்டை நன்றாகப் பார்த்தாலே போதும். 75 ஆண்டுகளாகப் பிறப்பையும் இறப்பையும் விடாமல் பதிந்துவரும் கிராமங்கள் இங்கே இருக்கின்றன. ஆப்பிரிக்காவில் அப்படிப்பட்ட இடங்கள் மிகக் குறைவு.

இயற்கை வளர்ச்சி என்றால் என்ன?

பிறப்பு விகிதத்திலிருந்து இறப்பு விகிதத்தைக் கழித்தால் வருவது. வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களும் நாட்டைவிட்டுப் போனவர்களும் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். காம்பியாவில் இப்போது ஆண்டுக்கு 1000 பேருக்கு 33 குழந்தைகள் பிறப்பதாகவும் 7 பேர் இறப்பதாகவும் உத்தேசமாக வைத்துக்கொள்வோம். மிச்சம் 26. அதாவது ஆண்டுக்கு 2.6 சதவீதம்.

கேட்பதற்குச் சின்ன எண்தான். ஆனால் 70ஐ இந்தச் சதவீதத்தால் வகுத்தால் மக்கள்தொகை இரட்டிப்பாக எத்தனை ஆண்டு ஆகும் என்பது தோராயமாகக் கிடைத்துவிடும். இங்கே 27 ஆண்டு. ஒரு பெண் பிறந்து, வளர்ந்து, தன் இரண்டாவது குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் காலத்துக்குள் நாடே இரண்டு மடங்காகிவிடும்.

இதுவரை எவ்வளவு வளர்ந்திருக்கிறது?

விடுதலைக்கு இரண்டு ஆண்டு முன்பு, 1963இல் எடுத்த கணக்கில் 3 லட்சத்து 15 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1973இல் 4 லட்சத்து 93 ஆயிரம். 1983இல் 6 லட்சத்து 88 ஆயிரம். 1993இல் 10 லட்சத்தைத் தாண்டியது. 2003இல் 13 லட்சத்து 60 ஆயிரம், 2013இல் 18 லட்சத்து 57 ஆயிரம். கடைசியாக 2024இல் எடுத்த கணக்கெடுப்பின் முதற்கட்ட எண் 24 லட்சத்துக்குச் சற்று மேல். 61 ஆண்டுகளில் ஏழு மடங்குக்கும் அதிகம்.

வேகம் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருக்கவில்லை. 1983க்கும் 1993க்கும் இடையே ஆண்டுக்கு 4.2 சதவீதம். அடுத்த பத்தாண்டில் 2.7 ஆக இறங்கி, அதற்கடுத்த பத்தாண்டில் 3.1 ஆக ஏறி, 2013க்குப் பிறகு 2.5க்கு வந்திருக்கிறது.

4.2 சதவீதமா? பிறப்பால் மட்டும் அவ்வளவு வருமா?

வராது. சந்தேகம் சரியானதுதான். இறப்பே மிகக் குறைவாக, பிறப்பு உச்சத்தில் இருந்தாலும் இயற்கை வளர்ச்சி 3.5 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. அதற்கு மேல் ஓர் எண் கண்ணில் பட்டால், யாரோ எல்லை தாண்டி வந்திருக்கிறார்கள் என்று தாராளமாக முடிவுசெய்யலாம்.

1982இல் தெற்கே செனெகலின் காசமான்ஸ் பகுதியில் பிரிவினைப் போராட்டம் தொடங்கியது. 1989 கடைசியில் லைபீரியாவிலும் 1991இல் சியரா லியோனிலும் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்தெல்லாம் மக்கள் காம்பியாவுக்கு வந்தார்கள். கினியிலிருந்து வணிகம் செய்ய வந்தவர்கள் தனி. அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே நிலக்கடலைப் பருவத்துக்குக் கூலியாகவும் குத்தகைக்காரராகவும் அண்டை நாட்டு ஆண்கள் வருவது வழக்கம், அதில் ஒரு பகுதியினர் அப்படியே தங்கிவிட்டார்கள். எல்லைக்கு இரு பக்கமும் மண்டிங்கா, ஃபுலா, வொலோஃப், ஜோலா என்று ஒரே மக்கள், ஒரே மொழிகள். வந்து சேர்வது எளிது.

ஆகவே மொத்த வளர்ச்சியையும் இயற்கை வளர்ச்சியையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. "காம்பியப் பெண்கள் இத்தனை பெற்றார்கள்" என்று சொல்லப்படும் பல எண்களில் அகதிகளும் சேர்ந்திருக்கிறார்கள்.

இணையத்தில் தேடினால் ஆளுக்கொரு எண் சொல்கிறார்களே?

2024 கணக்கெடுப்புக்கு முன்பு ஐ.நா. மதிப்பீடுகள் காம்பியாவின் மக்கள்தொகையை 27 லட்சத்துக்கு மேல் வைத்திருந்தன. நேரில் எண்ணிப் பார்த்தபோது 24 லட்சம்தான் வந்தது. பழைய கணக்கை அடிப்படையாக வைத்து, பிறப்பு, இறப்பு, குடிபெயர்வு இப்படி இருக்கும் என்று அனுமானித்து முன்னோக்கி ஓட்டினால் இப்படித்தான் விலகும். கணக்கெடுப்பிலும் சிலர் விடுபடுவார்கள். எந்த எண்ணைப் படித்தாலும் அது எண்ணியதா, மதிப்பிட்டதா என்று முதலில் பாருங்கள்.

சரி, இயற்கை வளர்ச்சி கூடியதற்கு முதன்மைக் காரணம் என்ன?

குழந்தைகள் சாகாமல் பிழைத்தது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

ஆற்றின் தென்கரையில் மேற்கு கியாங் பகுதியில் கெனெபா என்றொரு கிராமம். பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் காம்பியப் பிரிவைச் சேர்ந்த இயன் மெக்ரெகர் என்ற மருத்துவர் 1949-50 வாக்கில் அங்கே வேலையைத் தொடங்கினார். கெனெபாவிலும் பக்கத்து ஊர்களான மண்டுவார், காண்டோங் குண்டாவிலும் யார் பிறந்தார், யார் இறந்தார் என்று ஆண்டு தவறாமல் பதிந்துவந்தார். அந்தப் பதிவேடுகள் சொன்ன செய்தி மனதைக் கலங்கவைப்பது. 1950களிலும் 60களிலும் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ பாதி ஐந்து வயதைக் காணவில்லை.

ஏன் இறந்தார்கள்? ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலம். போன ஆண்டுத் தானியம் தீர்ந்துபோயிருக்கும், புதியது இன்னும் விளைந்திருக்காது. அந்தப் பசிக்காலத்தில்தான் வேலையும் அதிகம். ஆண்கள் மேட்டு நிலத்தில் கடலையும் கம்பும் பார்ப்பார்கள், நெல் முழுக்கப் பெண்கள் பாடு. தாய் விடிகாலையில் கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டுத் தொலைவில் உள்ள சதுப்பு வயலுக்குப் போவாள். வீட்டில் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அதைவிடச் சற்றே பெரிய அக்காவாகவோ வயதான பாட்டியாகவோ இருக்கும். அந்தக் கஞ்சியை எடுத்து 1970களில் ஆராய்ந்தார்கள். மழைக்காலப் புழுக்கத்தில் சில மணி நேரம் இருந்ததுமே அதில் கிருமிகள் கணக்கில்லாமல் பெருகியிருந்தன. வயிற்றுப்போக்கு, அதே மாதங்களில் மலேரியா, தாய்க்கே போதிய சாப்பாடு இல்லாததால் எடை குறைந்து பிறந்த சிசு. எல்லாம் ஒரே மூன்று நான்கு மாதத்துக்குள் வந்து விழும்.

1970களின் நடுவிலிருந்து கெனெபாவில் எந்நேரமும் மருத்துவர் இருக்கும் சிகிச்சை நிலையம் வந்தது. குழந்தை இறப்பு மளமளவென்று சரிந்தது. பெரிய தொழில்நுட்பம் ஏதும் அதில் இல்லை. கேட்ட நேரத்தில் ஒரு மருத்துவர், உப்பு-சர்க்கரைக் கரைசல், மலேரியா மாத்திரை, தடுப்பூசி, அவ்வளவுதான்.

மற்ற இடங்களிலும் படிப்படியாக மாற்றம் நடந்தது. 1980களின் தொடக்கத்தில் அரசு, 400 பேருக்கு மேல் வசிக்கும் ஊர்களில் ஒரு கிராம சுகாதாரப் பணியாளரையும் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவச்சியையும் அமர்த்தத் தொடங்கியது. ஆற்றின் வடகரையில் ஃபராஃபென்னியைச் சுற்றியுள்ள ஊர்களில் கொசுவலைகளைப் பூச்சிமருந்தில் தோய்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளின் இறப்பு 63 சதவீதம் குறைந்ததாக 1991இல் முடிவு வெளியானது. வலை அங்கே பழைய பொருள்தான், பல வீடுகளில் ஏற்கெனவே இருந்தது. புதிதாகச் சேர்ந்தது மருந்து. பின்னர் அந்த மருந்துக்குக் கட்டணம் என்று சொன்னதும் தோய்க்க வருபவர்கள் எண்ணிக்கை வெகுவாக விழுந்துவிட்டது. ஏழை வீட்டில் சின்னக் கட்டணம்கூட எப்படிக் குழந்தையின் உயிரோடு மோதுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

மேற்கு கியாங்கில் கர்ப்பிணிகளுக்குக் கடலை சேர்த்த பிஸ்கட் கொடுத்தபோது, பசிக்காலத்தில் பிறந்த குழந்தைகளின் எடை சராசரியாக 200 கிராம் வரை கூடியது, இறந்து பிறப்பதும் குறைந்தது. நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமிக்கான தடுப்பூசியைக் கிழக்குக் கோடியில் பாஸே பக்கம் சுமார் 17 ஆயிரம் குழந்தைகளிடம் சோதித்து, 2009இல் நாடு முழுவதற்கும் கொண்டுவந்தார்கள். ஏழை நாடுகளில் அதை முதலில் கொண்டுவந்தவற்றுள் காம்பியாவும் ஒன்று.

1960களில் நாடு முழுவதும் சராசரியாகப் பார்த்தால், ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தை ஐந்து வயதுக்குள் போய்விடும். 2019-20இல் நாடு முழுவதும் வீடுகளில் நடத்திய மக்கள்தொகை-சுகாதார ஆய்வில் அது 1000க்கு 56. அந்த வித்தியாசம்தான் இன்றைய மக்கள்தொகை. "ஏன் இவ்வளவு பேர்?" என்று கேட்கும்போது, இவர்களில் பலர் முன்பு என்றால் பள்ளி வயதைக்கூட எட்டாமல் புதைக்கப்பட்டிருப்பார்கள் என்பதை மறக்கக் கூடாது.

குழந்தைகள் பிழைத்தால் பெற்றோர் தாங்களாகவே குறைவாகப் பெற்றுக்கொள்ள மாட்டார்களா?

செய்வார்கள், ஆனால் உடனே செய்யமாட்டார்கள். மருந்து வந்த மறுவருடமே நம்பிக்கை வந்துவிடாது. தன் அம்மா பெற்ற எட்டில் நான்கு போனதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவள், தன் நான்கும் நிற்கும் என்று எப்படி நம்புவாள்? தான் பெற்றவை நின்றபிறகுதான், அதுவும் பெரும்பாலும் அவளுடைய மகள் காலத்தில்தான், மனம் மாறும். இறப்பு குறைந்ததற்கும் பிறப்பு குறைவதற்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியில்தான் மக்கள்தொகை பெருகுகிறது. பெரும்பாலான நாடுகள் இந்தக் கட்டத்தைக் கடந்துதான் வந்திருக்கின்றன. காம்பியா சற்றுப் பின்னால் வருகிறது.

இப்போது பிறப்பும் இறங்குகிறது. 2013 ஆய்வில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 5.6 குழந்தைகள். 2019-20இல் 4.4. ஆறேழு ஆண்டுக்குள் ஒன்றுக்கும் மேல் குறைவது பெரிய மாற்றம். ஆனால் நகரத்தில் 3.9, கிராமத்தில் 5.9. ஒரே நாட்டுக்குள் இரண்டு காலங்கள் ஓடுகின்றன.

இன்னும் அதிகக் குழந்தைகளை விரும்புவது ஏன்?

வயல் வேலைக்கு ஆள், வயதான காலத்தில் சோறு என்பதெல்லாம் எல்லாரும் சொல்வது, உண்மையும்கூட. காம்பியாவில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அங்கே மணமான பெண்களில் மூன்றில் ஒருத்திக்கும் மேல், கணவனுக்கு வேறு மனைவியும் உள்ள வீட்டில் வாழ்கிறாள். ஒரே வளாகத்தில் இரண்டு மூன்று மனைவிகள் இருக்கும்போது, கணவன் வீட்டில் அவளுக்குள்ள இடத்தை உறுதிசெய்வது அவள் பிள்ளைகள்தான். நாளை நிலத்தில் பங்கு வருவதும் அவர்கள் வழியாகவே. பக்கத்து அறைக்காரி ஐந்து பெற்றிருக்கும்போது இரண்டோடு நிறுத்து என்று இவளிடம் சொல்வது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத்தான் எளிது.

பிள்ளை இல்லாதவள் படும் பாட்டைப் பார்த்தால் இன்னும் புரியும். கருத்தரிக்காத பெண்களும் பெற்ற குழந்தைகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்த பெண்களும் 'கன்யெலெங்' என்று குழுவாகச் சேர்கிறார்கள். பெயர்சூட்டு விழா நடக்கும் வீடுகளில் விசித்திரமாக உடுத்தி, பாட்டும் ஆட்டமும் கேலியுமாக வலம் வருவார்கள். மற்ற பெண்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவதையும் இவர்கள் கூச்சமில்லாமல் பாடலாம், அந்த உரிமையை ஊர் கொடுத்திருக்கிறது. எல்லாம் ஒரு குழந்தை நிற்க வேண்டும் என்ற வேண்டுதலுக்காக. இன்று தடுப்பூசி, தாய்ப்பால், மகப்பேறு பற்றிய செய்திகளை ஊர் ஊராகப் பாடிக் கொண்டுபோகச் சுகாதாரத் துறையினர் இந்தப் பெண்களைத்தான் நாடுகிறார்கள். குழந்தையைப் பறிகொடுத்த வலியை அறிந்தவர்கள் சொன்னால் அதன் எடையே வேறு.

கருத்தடை முறைகளைப் பயன்படுத்துகிறார்களா?

2013இல் மணமான பெண்களில் 9 சதவீதம், 2019-20இல் 19 சதவீதம். இரட்டிப்பாகியும் குறைவுதான். அதிகம் பயன்படுவது ஊசி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டால் போதும், வீட்டில் மாத்திரை அட்டையை ஒளித்துவைக்க வேண்டிய தேவை இல்லை.

எண்களை மட்டும் பார்த்தால் புரியாத ஒன்று உண்டு. 1990களில் ஃபராஃபென்னி பக்கத்துக் கிராமங்களில் பெண்களிடம் விரிவாகப் பேசிப் பார்த்தபோது, பலர் கருத்தடையை நாடியது குறைவாகப் பெறுவதற்காக இல்லை என்று தெரிந்தது. கருச்சிதைவோ இறந்து பிறந்த குழந்தையோ ஏற்பட்டபின், தேய்ந்துபோன உடம்பைத் தேற்றிக்கொண்டு அடுத்ததை நல்லபடியாகப் பெற வேண்டும் என்பதற்காக அவர்கள் அதை எடுத்தார்கள். மடியில் பால் குடிக்கும் குழந்தை இருக்கும்போதே அடுத்தது தரிப்பது அங்கே வெட்கக்கேடாகப் பார்க்கப்படுகிறது. ஆகவே இடைவெளி விடு என்ற பேச்சு அவர்கள் காதில் ஏறும், நிறுத்து என்ற பேச்சு ஏறாது. இது தெரியாமல் போடப்படும் எந்தத் திட்டமும் அந்த ஊர்களில் எடுபடாது என்பது என் உறுதியான கருத்து.

இஸ்லாம் தடையாக இருக்கிறதா?

மக்களில் 95 சதவீதத்துக்கு மேல் முஸ்லிம்கள் என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. மதத்தைச் சுட்டிக்காட்டி எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. ஈரானும் வங்கதேசமும் முஸ்லிம் பெரும்பான்மை நாடுகள்தான், அங்கே பிறப்பு எவ்வளவோ காலத்துக்கு முன்பே சரிந்துவிட்டது.

சராசரி 4.4க்கு வந்தபிறகும் மக்கள்தொகை ஏன் கூடிக்கொண்டே போகிறது?

தாய்மாரின் எண்ணிக்கை கூடுவதால். உதாரணத்துக்கு, ஒரு தலைமுறையில் 100 தாய்மார் ஆளுக்கு 5.6 வீதம் பெற்றால் 560 குழந்தைகள். அடுத்த தலைமுறையில் 150 தாய்மார் 4.4 வீதம் பெற்றால் 660. ஒவ்வொருத்தியும் குறைத்துக்கொண்டாள், மொத்தம் கூடிவிட்டது.

காம்பியாவில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். நாளைய தாய்மார் எல்லாரும் ஏற்கெனவே பிறந்துவிட்டார்கள். இன்று காலையே எல்லாரும் இரண்டோடு நிறுத்திக்கொள்ள முடிவெடுத்தாலும் இன்னும் சில பத்தாண்டுகளுக்கு எண்ணிக்கை ஏறும்.

தலைநகர் பாஞ்சுலில் மட்டும் மக்கள் குறைகிறார்களாமே?

ஆமாம். 1983இல் 44 ஆயிரம் பேர் இருந்த ஊர், 2013இல் 31 ஆயிரம். அது ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள தீவு, விரிய இடமில்லை. அலுவலகத்துக்கு மட்டும் அங்கே வந்துவிட்டு, செரக்குண்டாவிலும் பிரிக்காமா பக்கமும் குடியிருக்கிறார்கள். பிறப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இளைஞர்கள் ஐரோப்பாவுக்குப் போவதால் வளர்ச்சி குறையாதா?

சற்றுக் குறையும், அவ்வளவுதான். சஹாராவைக் கடந்து லிபியா வழியாகப் படகேறும் பாதையை அங்கே 'பேக்வே' என்கிறார்கள். 2016இல் மட்டும் சுமார் 12 ஆயிரம் காம்பியர்கள் கடல்வழியாக இத்தாலியை அடைந்தார்கள். 20 லட்சம் பேர் கொண்ட நாட்டுக்கு அது மிகப் பெரிய எண். போய்ச் சேராதவர்களும் உண்டு, பிள்ளை எங்கே என்று தெரியாமல் காத்திருக்கும் வீடுகளும் உண்டு. ஆனாலும் ஒரே ஆண்டில் பிறக்கும் குழந்தைகள் அதைப்போல் பல மடங்கு.

வெளிநாட்டிலிருந்து வரும் பணம் சமீப ஆண்டுகளில் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். பெரிய குடும்பத்தில் ஒருவனாவது வெளியே போய்ச் சேர்ந்தால் எல்லாரும் பிழைக்கலாம் என்ற கணக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்குப் பின்னால் இருக்கிறது.

அதிகம் பெற்றதால்தான் ஏழையாக இருக்கிறார்களா?

இப்படிக் கேட்பதே எனக்கு உறுத்துகிறது, ஆனாலும் பதில் சொல்ல வேண்டும். நெருக்கடி உண்மைதான். சதுர கிலோமீட்டருக்கு 200 பேருக்கு மேல், வகுப்பறைகள் நிரம்பி வழிகின்றன, சாப்பிடும் அரிசியில் பெரும்பகுதி இறக்குமதி. ஆனால் ஒற்றைப் பயிராக நிலக்கடலையை நம்பும்படி காலனி ஆட்சி விட்டுச்சென்றதும், மழை தவறுவதும், கடல்நீர் ஆற்றுவழியே ஏறி நெல்வயல்களை உப்பாக்குவதும் பெண்கள் பெற்ற பிள்ளைகளின் குற்றம் இல்லை. வேகமான வளர்ச்சி எல்லாச் சுமையையும் கூட்டுகிறது. ஆனால் சுமையை உண்டாக்கியது அது மட்டும் என்று சொல்வது அநியாயம்.

இனி எப்படிப் போகும்? எதைக் கவனிக்க வேண்டும்?

2.5 சதவீதம் அப்படியே நீடித்தால் 2050களின் தொடக்கத்தில் 48 லட்சம் ஆகும். குறைந்தால் அந்த எண்ணை அடைய இன்னும் சில ஆண்டு பிடிக்கும்.

நான் கவனிப்பது மூன்று. ஒன்று, பெண்பிள்ளைகள் பள்ளியில் எத்தனை வயது வரை இருக்கிறார்கள். அரசுப் பள்ளிகளில் 2013 முதல் படிப்படியாகக் கட்டணம் நீக்கப்பட்டது, 2016இல் குழந்தைத் திருமணம் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. அதற்குப் பிறகு பள்ளியில் சேர்ந்தவர்கள் இனிதான் தாயாகப் போகிறார்கள். இரண்டாவது, கிராமத்தின் 5.9க்கும் நகரத்தின் 3.9க்கும் இடையிலுள்ள தூரம் குறைகிறதா என்பது.

மூன்றாவதுதான் எனக்குக் கவலை தருவது. பேறுகாலத்தில் இறக்கும் தாய்மார் குறைந்திருக்கிறார்கள், லட்சம் பிறப்புக்கு 433 ஆக இருந்தது 289 ஆகியிருக்கிறது. ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இறப்பு 2013இல் 1000க்கு 54, 2019-20இல் 56. இத்தனை ஆண்டு இறங்கிவந்தது அங்கேயே நின்றுவிட்டது. அதில் 29 குழந்தைகள், பாதிக்கும் மேல், பிறந்த முதல் மாதத்துக்குள்ளேயே இறக்கிறார்கள். கொசுவலையும் தடுப்பூசியும் மட்டும் அந்த முதல் மாதத்துக்குப் போதாது. பிரசவ அறையில் பயிற்சி பெற்ற கைகள், மூச்சுவிடாத சிசுவுக்கு உடனே மூச்சுக்கொடுக்கும் கருவி, குறைமாதக் குழந்தையைக் கதகதப்பாக வைக்க ஓர் இடம், நள்ளிரவில் ஆற்றைக் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வண்டி ஆகியவை வேண்டும்.